பொறுத்திரு என்போரே, சோறிடுவது யார்?

ஆம்பூரில் மாலைச் சங்கு ஊதி ஓய்ந்த நேரம். தோல் தொழிற்சாலை வாசலிலிருந்து ஆட்கள் சாரை சாரையாக வெளிவந்துகொண்டிருந்தனர். தேநீர்க் கடை ஓரம் நின்றிருந்த என் கையைத் தோழர் ஒருவர் பற்றிக்கொண்டார். இருபது ஆண்டுக்கு மேலாக டிரம்மில் தோலோடு தோலாக உழல்பவர். ஊர்வலம் என்றால் முன்வரிசையில் நிற்பவர். அன்று அவர் முகத்தில் ஊர்வலக் களை இல்லை.

"அண்ணே, ஒரு யோசனை கேக்கணும். பையனைப் பத்தி."

"சொல்லுங்க தோழர்."

"கூடைப்பந்து ஆடுறான்ல? வெளியூர்ல ஒரு கம்பெனி டீம்ல கூப்பிடுறாங்க. மாசச் சம்பளம். ஒரு வருஷ ஒப்பந்தம். ஆனா இப்பவே வரணுமாம். காலேஜு இன்னும் ஒண்ணரை வருஷம் பாக்கி. படிப்பை அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்றாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் படிக்கலண்ணே. அவனாச்சும் படிக்கட்டும்னுதான் இத்தனை நாள் தாங்கினேன். ஆனா அவன் படிச்சு முடிக்கிற வரைக்கும் வீடு நிக்கணுமே!"

அவர் துணைவியார் ஷூவின் மேல்பாகங்களை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையால் தைக்கிறார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. கண் மங்கினால் கூலி மங்கும். பையனுக்குத் தருவதாகச் சொன்ன சம்பளமோ, தாயும் தந்தையும் சேர்ந்து ஈட்டுவதைக் காட்டிலும் அதிகம். "பேராசைக்காரன், படிப்பை விட்டுப் பந்தின் பின்னே ஓடுகிறான்" என்று தெருவிலே பேச்சும் கிளம்பிவிட்டது.

தோழர்களே! ஓடுகிறான் என்று பழிக்கிறோமே, அவனைத் துரத்துவது எது என்று கேட்டோமா? பொறுத்திரு, படித்து முடி என்று புத்தி சொல்கிறோமே, பொறுத்திருக்கும் நாளில் அவன் வீட்டு அடுப்பை எரிப்பது யார் என்று கேட்டோமா?

இந்தக் கேள்வி ஆம்பூருக்கு மட்டும் உரியதன்று. கூடைப்பந்து பிறந்த அமெரிக்காவிலேயே உச்ச நீதிமன்றம் வரை ஏறிய கேள்வி இது!

மிசிசிப்பி மாநிலத்தில் சில்வர் சிட்டி என்றொரு சிற்றூர். அங்கே கறுப்பினக் குடும்பம் ஒன்று, பத்துப் பிள்ளைகள். அவர்களில் ஒருவன் ஸ்பென்சர் ஹேவுட். சிறு வயதில் பருத்திக் காட்டிலே பஞ்சு பொறுக்கிய கை அவனுடையது. அந்தக் கை 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் தன் நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்தது. அப்போது அவனுக்கு வயது 19. தங்கம் நாட்டுக்கு வந்தது. தாயின் வறுமை இருந்த இடத்திலேயே இருந்தது.

1969-இல் டெட்ராய்ட் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டு, டென்வர் நகரத் தொழில்முறை அணியில் சேர்ந்தான். அடுத்த ஆண்டு, அந்நாட்டின் முதன்மைக் கூட்டமைப்பான என்.பி.ஏ.வைச் சேர்ந்த சியாட்டில் அணி அவனை எடுத்துக்கொண்டது. வந்தது தடை! பள்ளி முடித்து நான்கு ஆண்டு ஆகாத எவனும் எங்கள் ஆடுகளத்தில் கால் வைக்கக் கூடாது என்றது கூட்டமைப்பு. கல்லூரியின் மீது கொண்ட காதலா அது? கல்லூரி அரங்குகளில் கூட்டம் கூடுகிறது. நுழைவுச் சீட்டு விற்கிறது. ஆடுகிறவனுக்கு மட்டும் சம்பளம் இல்லை. நான்கு ஆண்டு உழைப்பு அவர்களுக்கு இலவசம். கூட்டமைப்புக்கோ பயிற்சிச் செலவு இல்லாமலே பக்குவமான ஆள்! விதிக்குள்ளே இருந்த வியாபாரம் இதுதான்.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1971 மார்ச்சில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் நீதிபதிகள் ஹேவுட் பக்கம் நின்றனர். அவன் ஆடலாம் என்றாயிற்று. பிறகு கூட்டமைப்பு என்ன செய்தது தெரியுமா? கதவை முழுக்கத் திறக்க மனமின்றி, "வறுமையில் வாடுகிறேன் என்று மெய்ப்பித்தால் முன்கூட்டியே வரலாம்" என்று ஒரு விதி வகுத்தது. நம் ஊரில் வட்டாட்சியர் அலுவலகத்தில் வருமானச் சான்றிதழுக்கு வரிசையில் நிற்கிறோமே, அதே கதை! ஆறடி ஏழடி உயர வீரன், தன் வீட்டில் சோறில்லை என்று சான்று காட்ட வேண்டும். 1976-இல்தான் அந்தச் சடங்கு ஒழிந்தது.

அதற்குப் பின்னே 1995-இல் கெவின் கார்னெட், 1996-இல் கோபி பிரையண்ட், 2003-இல் லெப்ரான் ஜேம்ஸ் எனப் பள்ளியிலிருந்து நேரே தொழிலுக்குப் போனவர்கள் உலகப் புகழ் பெற்றனர். 2005-இல் மீண்டும் ஒரு பூட்டு: 19 வயது நிரம்ப வேண்டும், பள்ளி முடித்து ஓராண்டு கழிய வேண்டும். அணி முதலாளிகள் மட்டுமல்லர், ஆட்டக்காரர் சங்கமும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் அது. விளைவு? ஓராண்டு பெயருக்குக் கல்லூரி, மறு ஆண்டு தொழில் என்பது வழக்கமாகிவிட்டது. படிப்பின் மேல் பற்று வளர்ந்ததா? இல்லை. பூட்டினால் பற்று வளராது.

எது வளர்த்தது? இங்கேதான் தோழர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக ஒரு தீர்ப்பு உரைத்தனர். கல்லூரி வீரருக்குப் படிப்பு சார்ந்து தரும் உதவிகளுக்கு உச்சவரம்பு கட்டுவது சட்டத்துக்கு மாறானது என்றனர். அடுத்த திங்களிலேயே, வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் ஈட்டலாம் என்றாயிற்று. 2025 ஜூனில் மற்றொரு வழக்கின் உடன்பாட்டுக்கு நீதிமன்றம் இசைவு தந்தது. கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் ஆண்டில் ஒரு கல்லூரி சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை என்று.

கல்லூரியிலேயே கூலி வந்தது. பிறகு நடந்தது என்ன? 2021-இல், படிப்பை முடிக்குமுன் தொழில்முறைத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தோர் 350-க்கும் மேல். 2025-இல் அந்த எண்ணிக்கை 106! கொள்ளைநோய்க் காலக் குழப்பமும் முதல் எண்ணை ஏற்றிவிட்டது என்பது மெய்யே. ஆனாலும் இத்தனை பெரிய சரிவுக்குப் பணமே தலையாய காரணம் என்பதை அந்நாட்டு விளையாட்டு உலகமே ஒப்புகிறது. அரை நூற்றாண்டு விதி போட்டும் நிற்காதவன், கையில் காசு வந்ததும் நின்றான்.

தமிழனுக்கு இது புதுப் பாடமா? இல்லவே இல்லை! 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறிட்டது எதற்கு? 1956-இல் காமராசர் மதிய உணவுக்கு வழி செய்ததும், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்ததும், 2022-இல் காலை உணவு தொடங்கியதும் எதற்கு? "படி, படி" என்ற உபதேசம் மட்டும் பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுவராது, சோறு கொண்டுவரும் என்று இந்த மண் கண்டுகொண்டது. 2022-இல் கல்லூரி செல்லும் பெண்பிள்ளைகளுக்கும், 2024-இல் ஆண்பிள்ளைகளுக்கும் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்கள் பிறந்ததும் இதே அறிவால்தான். ஆயிரம் ரூபாய் குடும்பத்தைத் தாங்காது. ஆனால் தாங்க வேண்டும் என்ற கொள்கையை ஒப்புக்கொண்டது.

இனி நம் தோல் வட்டாரத்தைப் பாருங்கள். பாலாற்றங்கரையில் தோலில் பிறந்த பணம் கல்லூரிகளாகவும் எழுந்தது. வாணியம்பாடி இஸ்லாமியக் கல்லூரி 1919-இல் பிறந்தது. மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965-இல் பிறந்தது. ஆக, ஒரு தெருவில் கல்லூரி வாசல். மறு தெருவில் தொழிற்சாலை வாசல். முதல் வாசல் மூன்றாண்டு பொறு என்கிறது. இரண்டாவது வாசல் இந்தச் சனிக்கிழமையே கூலி என்கிறது. பசித்தவன் எந்த வாசலில் நுழைவான்?

பந்தாடத் தெரிந்தவனுக்கு மூன்றாவது வாசல் ஒன்று தெரிகிறது. தோல் தொட்டியைவிட அது மேல் என்று பெற்றவன் நினைத்தால் குற்றமா? 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் மாண்ட சேதியை இந்த வட்டாரத்துத் தகப்பன் எவன் மறப்பான்?

ஆனால் மூன்றாவது வாசலின் உள்ளே என்ன இருக்கிறது என்றும் பார்த்தாக வேண்டும். 2015-இல் நம் நாட்டில் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டி ஒன்று ஆர்ப்பாட்டமாகத் தொடங்கிற்று. சென்னைக்கும் ஓர் அணி. 2017-க்குப் பின் அந்தப் போட்டி நடக்கவே இல்லை. 2025-இல் 25 வயதுக்குட்பட்டோருக்கென ஆறு அணிகளோடு மற்றொன்று கிளம்பிற்று. வரவேற்போம், ஆனால் கூட்டமைப்பு இன்று இருக்கும், நாளை இராது. முழங்கால் ஒன்றுதான்; அது முறிந்தால் மாற்று முழங்கால் கிடையாது.

பஞ்சாப் உழவர் வீட்டுப் பிள்ளை சத்னாம் சிங் கதையைக் கேளுங்கள். ஏழடிக்கு மேல் உயரம். 2010-இல் உதவித்தொகை பெற்று அமெரிக்கா போனான். 2015-இல், கல்லூரி வாசலை மிதிக்காமலே, என்.பி.ஏ. தேர்வில் டல்லஸ் அணியால் 52-ஆவது ஆளாக எடுக்கப்பட்டான். அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியன் அவனே. நாடே கொண்டாடிற்று. ஆனால் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவன் இறங்கவில்லை. பிற்பாடு மல்யுத்தக் காட்சி மேடைக்குப் போய்விட்டான். உச்சிக்குப் போனவன் கதையே இது என்றால், ஊர் அணிக்குப் போகிறவன் கதை?

அதே வேளையில், நம் வேலூர் சத்துவாச்சாரியைப் பாருங்கள்! பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் பிறந்த இடம். தந்தை முன்னாள் படைவீரர், அவரும் பளுதூக்கியவர், பின்னாளில் பல்கலைக்கழகத்தில் காவலராகப் பணி செய்தவர். மகன் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018-இல் கோல்டு கோஸ்ட்டில் 317 கிலோ தூக்கி மீண்டும் தங்கம். அவர் காலடியில் இருந்தது எது? ரயில்வே வேலை! பளுவை இறக்கி வைத்த பிறகும் இறங்காத சம்பளம். கூடைப்பந்திலே இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கி, 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற தமிழ்நாட்டு அனிதா பால்துரைக்கும் தென்னக ரயில்வே வேலைதான் ஊன்றுகோல்.

அந்த ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்பை எடுத்துப் படியுங்கள். 18 வயது முதல் 25 வரை வாயில் திறந்திருக்கும். பத்தாம் வகுப்பு மட்டும் தேறியவனுக்குக் கடைசிப் படி, ஒன்றாம் நிலை. பன்னிரண்டு தேறியவனுக்கு இரண்டும் மூன்றும். நான்காம், ஐந்தாம் நிலைகளுக்குப் பட்டம் வேண்டும். பந்து ஒன்றே, ஆட்டம் ஒன்றே. காகிதம் மாறினால் காலமெல்லாம் வாங்கும் சம்பளம் மாறுகிறது! நம் தோழர் மகன் விடப்போகும் ஒன்றரை ஆண்டின் விலை இதுதான். இதை அந்தக் கம்பெனிக்காரர் சொன்னாரா? சொல்ல மாட்டார். நாம் சொல்ல வேண்டும்.

ஆகவே தோழரிடம் "போகாதே" என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் உரிமை, அவர் வீட்டு அரிசிப் பானையை நிரப்புகிறவனுக்கே உண்டு. "வெறுங்கையோடு போகவிடாதே" என்றேன்.

"கல்லூரியில் டி.சி. வாங்காதீங்க தோழர். அதை வாங்கிட்டா திரும்புற கதவு அடைஞ்சுபோகும். முதல்வரைப் பாருங்க. படிப்பை இடையில் நிறுத்தி, பிறகு சேர்ந்து முடிக்க வழி இருக்கான்னு எழுத்துல கேளுங்க. இல்லேன்னா, அஞ்சல் வழியில முடிக்கத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கு."

"கம்பெனிக்காரங்ககிட்ட?"

"நாலு கேள்வி. தேர்வு நாளுக்கு விடுப்பு உண்டா? அடிபட்டா மருத்துவச் செலவு யாருது? அடிபட்டுப் படுத்த மாதம் சம்பளம் உண்டா? ஒரு வருஷம் கழிச்சு என்ன? வாய்ப் பேச்சு வேண்டாம். எழுத்துல. ஒப்பந்தத்தை ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்துக்குக் கொண்டாங்க, எல்லாருமா உக்காந்து படிப்போம்."

அவர் முகத்தில் சிறிது தெளிவு. "ஷூ கம்பெனி ஒப்பந்தத்தை அப்படித்தானே படிக்கிறோம்!" என்றார்.

ஆம், தோழர்களே! பந்தாடுகிறவனும் தொழிலாளிதான். டிரம்மிலே தோலைப் புரட்டுகிறவன் தோளை விற்கிறான். ஆடுகளத்தில் குதிக்கிறவன் முழங்காலை விற்கிறான். தோளுக்குச் சங்கம் வேண்டும் என்றால் முழங்காலுக்கு வேண்டாமா? ஒவ்வொரு கிளைத் தோழரும் தம் தெருவில் விளையாட்டுக்காகப் படிப்பை விடப்போகும் பிள்ளை யார் என்று கண்டறியட்டும். அவன் ஒப்பந்தத்தைப் படிக்கட்டும். கல்லூரிகளிடம், ஆடும் பிள்ளைக்கு உணவும் தங்குமிடமும் மட்டும் போதாது, வீட்டுக்கு அனுப்ப மாதம் ஒரு தொகை கொடு என்று கேட்கட்டும். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரருக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு என்பதை ஊர் ஊராகச் சொல்லட்டும்.

பொறுத்திரு என்று சொல்வது எளிது. பொறுத்திருக்க வழி செய்து கொடுப்பதே தோழமை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை தகப்பனோடு வருகிறான். வாருங்கள், கூடிப் படிப்போம்!