பாடமும் படமும் ஒரே போனில்!
டெலிகிராம் விடையை நம்பி பரீட்சை ஹாலில் திணறும் மாணவர்கள்

சென்னை,

காலை 8 மணி. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில். நிற்கக்கூட இடமில்லை. அந்த நெரிசலிலும் ஒரு கல்லூரி மாணவர் செல்போனில் பாடம் கேட்டுக் கொண்டிருந்தார். ஐ.ஐ.டி. பேராசிரியர் பேசுகிறார். அதுவும் இரண்டு மடங்கு வேகத்தில்!

திடீரென்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. அதைப் பார்த்தார். அப்புறம் ரீல்ஸ். கிண்டி வந்தது. இறங்கிப் போய் விட்டார். பாடம் பாதியிலேயே நின்றது!

இலவசப் படிப்பு

அவர் பார்த்தது என்.பி.டி.இ.எல். பாடம். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய திட்டம். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் சேர்ந்து படிக்கலாம். படிக்கக் காசு வேண்டாம். பரீட்சைக்கு மட்டும்தான் கட்டணம்.

இது பொழுதுபோக்குப் படிப்பும் அல்ல. ஒரு பருவத்தில் 40 சதவீதம் வரை பாடங்களை ஸ்வயம் மூலம் படிக்க பல்கலைக்கழக மானியக் குழு 2021-ல் அனுமதி கொடுத்தது. அந்த மதிப்பெண் பட்டப்படிப்புக் கணக்கிலேயே சேரும்.

"டிக் பண்ணா போச்சு!"

வாரா வாரம் வீட்டுப் பாடம் உண்டு. "அதுக்கு எதுக்கு சார் வீடியோ பார்க்கணும்? டெலிகிராம்ல ஆன்சர் வந்துடும். டிக் பண்ணா போச்சு!" என்று சிரித்தார், ரயிலில் நின்ற இன்னொரு மாணவர்.

ஆனால் கணக்கு வேறு. வீட்டுப் பாடத்துக்கு 25 மார்க்தான். நேரில் போய் எழுதும் பரீட்சைக்கு 75 மார்க். அதில் 30 எடுக்காவிட்டால் சான்றிதழ் கிடையாது!

அன்றும் இன்றும்

2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரிகள் மூடப்பட்டன. போனே கல்லூரி ஆனது. பல வீடுகளில் ஒரே போன். அண்ணனுக்கா, தங்கச்சிக்கா என்று சண்டை. டேட்டாவுக்குத் திண்டாட்டம். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு தினம் 2 ஜி.பி. இலவச டேட்டா தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது.

இன்று பலர் கையில் சொந்த போன். டேட்டாவும் இருக்கிறது. பாடம் இருக்கும் யூடியூபிலேயே பக்கத்தில் கிரிக்கெட், சினிமா பாட்டு. மனசு எங்கே நிற்கும்?

பாடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்து, நெட்டை அணைத்து விட்டுப் படிக்கிற கெட்டிக்காரர்களும் உண்டு. மற்றவர்கள் யோசிக்க வேண்டும்.

பரீட்சை ஹாலுக்குள் போன் கிடையாது. டெலிகிராமும் வராது!