மின்பொறியால் எஃகைக் குடைதல்

திருப்பதியை அடுத்த கரகம்பாடியில், 1985-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அமர ராஜா நிறுவனத்தின் பாட்டரித் தொழிற்சாலை உள்ளது. மோட்டார் வண்டி பாட்டரிகளின் பெட்டியும் மூடியும் பொதுவாகப் பிளாஸ்டிக்கால் ஆனவை. உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சினுள் செலுத்தி வார்க்கப்படுபவை. திருப்பதி, சித்தூர் மாவட்டங்களில் தொழிற்சாலைகள் பெருகப் பெருக, இத்தகைய அச்சுகளைச் செய்யவும் செப்பனிடவும் அறிந்த தொழிலாளர் தேவைப்படுவர்.

கடினப்படுத்திய எஃகில் கூரிய உள்மூலைகளையும், குறுகிய ஆழமான பள்ளங்களையும் சுழலும் வெட்டுக் கருவியால் குடைவது அரிது. அங்கு உதவுவதே மின்பொறி அரிப்பு முறை. பட்டறைகளில் இதனை இ.டி.எம். என்பர். மின்பொறியால் மின் தொடுமுனைகள் தேய்வதை ஆராய்ந்த சோவியத் விஞ்ஞானிகளான லசரென்கோ தம்பதியர், 1943-இல் அத்தீங்கையே ஒரு தொழில்முறையாக மாற்றினர்.

வேண்டிய வடிவில் செய்த மின்வாயையும் எஃகையும், மின்சாரம் கடத்தாத எண்ணெயில் அமிழ்த்துவர். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. மயிரிழை போன்ற இடைவெளியில் நொடிக்கு ஆயிரக்கணக்கான பொறிகள் தோன்றுகின்றன. ஒவ்வொரு பொறியும் சிறிதளவு எஃகை உருக்கி, நுண்ணிய குழியொன்றை உண்டாக்குகிறது.

எவ்வளவு மின்னோட்டம்?

யந்திரம் 50 ஆம்பியர் தரவல்லது என்பதால் அவ்வளவையும் செலுத்துவது தவறு. மின்னோட்டத்தை முடிவு செய்வது மின்வாயின் முகப்பரப்பே. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 ஆம்பியர் என்பது பட்டறைகளில் வழங்கும் பொதுக் கணக்கு. 2 செ.மீ. சதுர முகப்புக்கு 40 ஆம்பியர் வரை பொருந்தும். 40 மி.மீ. நீளமும் 1 மி.மீ. தடிப்பும் உள்ள மெல்லிய தகட்டுக்கோ 4 ஆம்பியரே தகும். முனை கூரிய மின்வாய் தொடக்கத்தில் சிறு பரப்பிலேயே வேலை செய்கிறது; ஆதலின் குறைந்த மின்னோட்டத்தில் தொடங்கி, பரப்பு விரியும்போது படிப்படியாக உயர்த்த வேண்டும்.

எந்த மின்வாய்?

செம்பு மின்சாரத்தை நன்கு கடத்தும். வழவழப்பான மேற்பரப்பைத் தரும். ஆனால் 1085 பாகை சென்டிகிரேடில் உருகிவிடும். மெல்லிய தகடாக வெட்டும்போது எளிதில் வளையும். கிராபைட் சாதாரண அழுத்தத்தில் உருகுவதில்லை. எடை குறைந்தது, எளிதில் வெட்டத்தக்கது, மிகுந்த மின்னோட்டத்திலும் நீண்ட துடிப்பிலும் குறைவாகவே தேயும். எனினும் அதன் கரித்தூள் மின்சாரம் கடத்துவதால், தூளை உறிஞ்சி அகற்றும் ஏற்பாடு இன்றியமையாதது. டங்ஸ்டன் கார்பைடு போன்ற கடும்பொருள்களுக்குச் செம்பு-டங்ஸ்டன் ஏற்றது. ஆனால் விலை மிகுந்தது.

கண்ணுக்குத் தெரியாத கேடு

மின்னோட்டம் மிகுந்தால் வேலை விரையும், குழிகளும் பெரிதாகும். உருகி மீண்டும் உறைந்த எஃகு, மேற்பரப்பில் கடினமான ஏடாகப் படியும். அதில் நுண்ணிய வெடிப்புகள் இருக்கக்கூடும். அவை நாளடைவில் பரவினால் அரும்பாடுபட்டுச் செய்த அச்சே பிளந்துவிடும். ஆகவே முதலில் விரைந்து குடைந்து, இறுதியில் குறைந்த மின்னோட்டத்தால் அந்த ஏட்டை நீக்கும் அளவுக்கு எஃகை மீதம் விட்டுவைக்க வேண்டும். பொறி எழும் இடம் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே நன்கு அமிழ்ந்திருக்கவும் வேண்டும்; இல்லையேல் தீப்பற்றும்.

தொழிற்பயிற்சி ஆசிரியர்கள், யந்திரத்தை இயக்குமுன் மின்வாயின் முகப்பை அளந்து ஆம்பியரைக் கணக்கிடும்படி மாணவர்களைப் பழக்குவது நன்று. பின்னர் அவ்விடையை யந்திரத்தோடு வரும் அட்டவணையுடன் ஒப்பிடச் செய்யலாம். ஓர் அளவுகோலும் சிறு பெருக்கலும் பல நாள் உழைப்பைக் காக்கும்.