வரிசை மாறினால் ஊர் மாறும்

எண்ணும் கோடும் – 9

எண்கோட்டில் ஒரு புள்ளியைக் காட்ட ஓர் எண் போதும் என்று சென்ற வாரம் பார்த்தோம். தாளுக்கு அது போதாது. கிடையாக ஒரு கோடு, எக்ஸ் அச்சு. அதற்குச் செங்குத்தாக இன்னொன்று, ஒய் அச்சு. இரண்டும் வெட்டும் இடம் ஆதிப்புள்ளி (0, 0). இனி ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு எண்கள்: முதலில் எக்ஸ், பிறகு ஒய்.

(–3, 2) எங்கே இருக்கிறது? ஆதிப்புள்ளியில் தொடங்குங்கள். முதல் எண் குறை எண் என்பதால் இடப்பக்கம் 3 அலகு நகருங்கள். அடுத்தது மிகை எண். அங்கிருந்து மேலே 2 அலகு. அதுதான் இடம். ஏற்கெனவே குறித்த புள்ளியைப் படிக்க, அதிலிருந்து இரு அச்சுகளுக்கும் செங்குத்தாகக் கோடு போடுங்கள். கோடுகள் தொடும் எண்களே அதன் ஆயத்தொலைவுகள்.

பிள்ளைகள் தடுமாறுவது (0, 4) போன்ற புள்ளிகளில்தான். நான்கைக் கண்டதும் கை வலப்பக்கம் போய்விடும். முதல் எண் பூஜ்யம் என்றால் பக்கவாட்டில் நகரவே கூடாது. நேரே மேலே 4. அந்தப் புள்ளி ஒய் அச்சின் மேலேயே விழும். அச்சுகள் தாளைப் பிரிக்கும் நான்கு கால்பகுதிகளில் எதிலும் சேராது.

வரிசைக்கு இவ்வளவு கெடுபிடி எதற்கு? சென்னையின் அட்சரேகை வடக்கே 13.08 டிகிரி, தீர்க்கரேகை கிழக்கே 80.27 டிகிரி. கூகுள் மேப்ஸில் 13.08, 80.27 என்று தட்டினால் சென்னை வரும். எண்களை இடம் மாற்றினால், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் நிற்பீர்கள்!

இதில் ஒரு சிக்கலும் உண்டு. அட்சரேகை சொல்வது வடக்கு தெற்கு. கணக்கு மொழியில் அது ஒய். கூகுள் மேப்ஸ் அதை முதலில் கேட்கிறது. நிலப்படத் தரவுகளுக்கான ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவமோ, கணக்குப் புத்தகம் போலத் தீர்க்கரேகையை முதலில் வைக்கிறது. இரண்டையும் குழப்பி ஊரைக் கடலில் போடுவது மென்பொருள்காரர்களுக்குப் பழகிய பிழை.

உலகத்துக்கும் ஓர் ஆதிப்புள்ளி உண்டு. நிலநடுக்கோடும் பூஜ்யம் டிகிரி தீர்க்கரேகையும் வெட்டும் இடம், ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாவில் இருக்கிறது. முகவரி கண்டுபிடிக்க முடியாத தரவுகள் 0, 0 என்று பதிவாகி அங்கே குவிவதால், அதற்கு ‘நல் ஐலண்ட்’ (Null Island) என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே தீவே கிடையாது.

புள்ளியை இரு எண்களால் குறிக்கும் இந்த முறைக்கு வித்திட்டவர் என ரெனே டெகார்ட்டைச் சொல்கிறோம். அவரது வடிவியல் நூல் 1637இல் வந்தது. அதே காலத்தில் பியேர் தெ ஃபெர்மாவும் தனியே இதைக் கண்டார். ஆனால் நாம் வரையும் இரு அச்சுகள் டெகார்ட்டின் நூலில் இல்லை. குறை எண்களையும் சேர்த்து நான்கு கால்பகுதிகளிலும் வளைவரைகளை வரைந்து 1704இல் வெளியிட்டவர் நியூட்டன்.

உங்களுக்கு ஒரு வேலை. (4, 0), (0, 4), (–4, 0), (0, –4) ஆகியவற்றைக் குறித்து வரிசையாக இணையுங்கள். கிடைக்கும் சதுரத்தின் பரப்பளவு என்ன? 16 என்றோ 64 என்றோ அவசரப்பட வேண்டாம். விடை அடுத்த வாரம்.

(தொடரும்)