பாட்டரி முனைகளில் பூக்கும் உப்பு

நம் அங்கத்தினர் பலர் இன்று கார், வேன், டிராக்டர் முதலியவற்றை வைத்திருக்கின்றனர். விடியற்காலையில் காய்கறிக் கூடைகளையோ துணிச் சிப்பங்களையோ ஏற்றிய பின் வண்டி கிளம்ப மறுத்தால், அன்றைய சந்தை தவறிவிடும். பாட்டரி கெட்டுவிட்டதென்று எண்ணிப் புதியது வாங்கிவிடுவோரும் உளர். பல சமயங்களில் குற்றம் பாட்டரியில் இல்லை. அதன் முனைகளில் பூத்திருக்கும் உப்பில்தான் இருக்கிறது.

இவ்வுப்பு எவ்வாறு உண்டாகிறது? ஈயத் தகடுகளும் நீர் கலந்த கந்தகத் திராவகமும் கொண்ட பாட்டரியை 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே அமைத்தார். இன்றைய வண்டிகளிலும் பெரும்பாலும் அம்முறையே வழங்குகிறது. பாட்டரியில் மின்சாரம் ஏறும்பொழுது, உள்ளிருக்கும் நீரில் ஒரு பகுதி ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் வாயுக்களாகப் பிரிகிறது. அவை வெளியேறுகையில் திராவகத்தின் நுண்திவலைகளையும் உடன்கொண்டு வருகின்றன. முனையின் அடியிலுள்ள சிறு வெடிப்பு வழியாகவும் திராவகம் கசிவதுண்டு. அது ஈயத்தைத் தாக்கினால் வெள்ளை உப்பும், செம்பைத் தாக்கினால் நீல உப்பும் உண்டாகும். பின்னது, பயிருக்குத் தெளிக்கும் போர்டோ கலவையில் நாம் சேர்க்கும் மயில்துத்தமே.

இவ்வுப்பு மின்சாரத்தைத் தடுக்கும். என்ஜினைக் கிளப்பும் மோட்டார் ஒரே கணத்தில் 200 ஆம்பியர் வரை இழுக்கிறது என்று கொள்வோம். முனையில் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே வீணாகும். 12 வோல்ட் பாட்டரிக்கு இது பெரும் இழப்பு.

சுத்தம் செய்யும் முறை எளிது. ஆனால் வரிசை தவறலாகாது. என்ஜினை நிறுத்துக. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிக. ஹைட்ரஜன் வெடிக்கக்கூடியதாதலால் பீடி, சுருட்டு, விளக்கு எதுவும் அருகில் வேண்டா. வண்டியின் உடலோடு இணைந்த கம்பியை முதலில் கழற்றுக. இக்கால வண்டிகளில் அது கழித்தல் குறியுள்ள முனையாகும். மற்ற முனையை முதலில் கழற்றும்போது ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டுவிட்டால் பெரும் பொறி பறக்கும்.

பிறகு ஒரு குவளை நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, பழைய பல்துலக்கியால் உப்பின்மேல் தடவுக. திராவகம் முறியும்பொழுது நுரைக்கும். நுரை அடங்கும்வரை தடவலாம். மூடித் துளைகள் வழியாகச் சோடா நீர் உள்ளே சென்றால் பாட்டரி கெடும். நல்ல நீரால் கழுவித் துடைத்து, முனையையும் கவ்வியையும் உப்புத்தாளால் பளபளக்கத் தேய்க்க வேண்டும். மாட்டும்பொழுது, முதலில் கழற்றிய கம்பியைக் கடைசியாக மாட்டி இறுக்குக. பின்னர் மேலே வாஸ்லின் மெல்லியதாகப் பூசினால், திவலைகள் உலோகத்தைத் தொடா.

ஈய உப்பு நஞ்சாகும். உலர்ந்த தூளை வாயால் ஊதலாகாது. கழுவிய நீர் கிணற்றிலோ மாட்டுத் தொட்டியிலோ சேரலாகாது. வேலை முடிந்தபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. திராவகம் கண்ணில் பட்டால் தாமதியாது நிறைய நீரால் நெடுநேரம் கழுவி, மருத்துவரிடம் செல்க. பருத்தி நூலில் ஒரு துளி பட்டாலும் அவ்விடம் இற்றுவிடும். ஆதலால் பாவும் சிப்பமும் பாட்டரிக்கு அருகில் இருத்தலாகாது.

சுத்தம் செய்தும் உப்பு விரைவில் திரும்பினால், காரணத்தைத் தேட வேண்டும். என்ஜின் ஓடும்பொழுது முனைகளில் பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். 15-க்கு மேல் சென்றால் மின்னேற்றம் மிகையாகிறது. அதைத் தொழிலறிந்தவரிடம் காட்டுக. மூடி திறக்கும் பாட்டரியாயின், காய்ச்சி வடித்த நீரை மட்டும் குறியளவுக்கு ஊற்றுக, மிகுந்தால் வழியும். பாட்டரி ஆடாதபடி அதன் சட்டத்தையும் இறுக்கி வைத்தல் நன்று.

மாதம் ஒருமுறை மூடியைத் தூக்கிப் பார்ப்பது சில நிமிட வேலை. அச்சிறு கவனம் சந்தை நாளையும் காக்கும். புதுப் பாட்டரியின் விலையையும் மிச்சப்படுத்தும்.