பொங்கலுக்கு முன்பே பிரீசரில் உணவு சேமிக்கும் முறை

சம்பா அறுவடையும் பொங்கல் பண்டிகையும் ஒரே சமயத்தில் வருகின்றன. புதுச்சேரியை அடுத்த பாகூர், அரியாங்குப்பம் வட்டாரங்களில் தை பிறக்கும்போது பல வயல்களில் கதிர் முற்றி நிற்கும். அறுவடை இயந்திரம் என்றைக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கிடைத்த அன்றே அறுத்து, நெல்லைக் காயவைத்து, மூட்டை பிடித்தாக வேண்டும். அதே நாட்களில் வீட்டுக்கு விருந்தினர் வந்திருப்பார்கள். போகி தொடங்கிக் காணும் பொங்கல் வரை அடுப்பு அணைவதில்லை. இந்த இரண்டு சுமைகளும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் மீதே விழுகின்றன.

சமையல் வேலையில் ஒரு பகுதியை முன்கூட்டியே முடித்து, குளிர்சாதனப் பெட்டியின் பிரீசரில் வைத்துக்கொண்டால் இந்தச் சுமை குறையும். சொந்த நிலத்தில் விளைந்த மொச்சை, துவரை, தக்காளி, தேங்காய் ஆகியவையும் வீணாகாது. ஆனால் நம் கடலோரத்தில் பண்டிகைக் காலத்தின் பெரும்பகுதி புயல் காலமாகவும் இருக்கிறது. மின்சாரம் நின்றுவிட்டால் சேமித்தது கெட்டுவிடும். கெட்டது தெரியாமல் உண்டால் குடும்பமே ஆஸ்பத்திரியில் பண்டிகையைக் கழிக்க நேரிடும். எனவே எதை, எவ்வளவு, எப்போது வைப்பது என்று தெரிந்து செய்வது அவசியம்.

குளிர் என்ன செய்கிறது?

உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் 5 டிகிரி முதல் 60 டிகிரி சென்டிகிரேடு வரையிலான வெப்பத்தில் வேகமாகப் பெருகும். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டுகளில் 4 டிகிரி அளவில் அவற்றின் வளர்ச்சி மெதுவாகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் அறவே நின்றுவிடுகிறது. ஆனால் எல்லா நுண்ணுயிர்களும் செத்துவிடுவதில்லை. குளிர் குறைந்தவுடன் மீண்டும் பெருகத் தொடங்கும். ஆகவே கெடத் தொடங்கிய பொருளை உள்ளே வைத்து நல்லதாக்க முடியாது. புதிதாக இருக்கும்போதே வைக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெட்டி எந்த வகை?

இரட்டைக் கதவுள்ள பெட்டிகளில் பிரீசருக்குத் தனிக் கதவு உண்டு. இவை பொதுவாகப் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி வரை செல்லும். ஒற்றைக் கதவுப் பெட்டியின் மேல் மூலையில் உள்ள சிறிய ஐஸ் அறை பெரும்பாலும் அந்த அளவை எட்டுவதில்லை. கதவைத் திறக்கும்போதெல்லாம் அதன் குளிரும் குறைகிறது. கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களை வைத்து இதை முடிவு செய்யக்கூடாது. அவை மின்சாரச் சிக்கனத்தைக் குறிப்பவை. குளிரின் அளவைக் குறிப்பவை அல்ல.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஒரு கப் ஐஸ்கிரீமை ஓர் இரவு உள்ளே வைத்துக் காலையில் பாருங்கள். கல்போல் கெட்டியாக இருந்தால் ஒரு மாதத்துக்குச் சேமிக்கலாம். கரண்டி எளிதில் இறங்கினால் ஒரு வாரத்துக்கு மட்டுமே சேமியுங்கள்.

வேகமாக உறைய வேண்டும்

அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்சை என்பவர் 1912 முதல் சில ஆண்டுகள், இன்று கனடாவைச் சேர்ந்த லாப்ரடார் பகுதியில் வாழ்ந்தார். கடுங்குளிரில் பிடித்த மீன் உடனே உறைந்துபோவதையும், மாதக்கணக்கில் கழித்துச் சமைத்தாலும் புதிய மீன் போலவே இருப்பதையும் அங்கு கண்டார். வேகமாக உறையும்போது ஐஸ் துகள்கள் மிகச் சிறியவையாக உருவாகும். மெதுவாக உறைந்தால் பெரிய துகள்கள் உருவாகி, மீனின் சதையையும் காயின் திசுக்களையும் கிழித்துவிடும். உருகும்போது நீர் வடிந்து, பொருள் சக்கைபோல் ஆகிவிடும்.

நம் வீட்டிலும் இதைக் கடைப்பிடிக்கலாம். ஆழமான பாத்திரத்தில் வைக்காமல், 3 அல்லது 4 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாத மூடியுள்ள எவர்சில்வர் டப்பாக்களில் வைக்க வேண்டும். ஒரு வேளைக்குத் தேவையான அளவு மட்டும் ஒவ்வொரு டப்பாவிலும் இருக்கட்டும். நீர் உறையும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விரியும். ஆகையால் விளிம்பு வரை நிரப்பாமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம். 30 லிட்டர் பிரீசரில் ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல் புதிதாக வைக்கக்கூடாது. மொத்தமாக அடைத்தால் எல்லாமே மெதுவாக உறையும். ஒவ்வொரு டப்பாவிலும் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள்.

காய், பயறு, தேங்காய்

பச்சை மொச்சை, துவரை, பட்டாணி ஆகியவற்றை உரித்து அப்படியே உறைய வைத்தால் சில வாரங்களில் நிறமும் சுவையும் மாறிவிடும். காயிலுள்ள நொதிகள் குளிரிலும் மெதுவாக வேலை செய்வதே காரணம். கொதிக்கும் நீரில் பட்டாணியை ஒன்றரை முதல் 2 நிமிடமும், மொச்சை, துவரையை 3 நிமிடமும் போட்டு எடுங்கள். உடனே ஐஸ் கலந்த நீரில் அதே நேரம் வைத்து ஆற்றி, துணியில் உலர்த்தித் தட்டில் பரப்பி உறைய வைத்தபின் டப்பாவில் கொட்டுங்கள். இப்படிச் செய்தால் ஒன்றோடொன்று ஒட்டாது. இது அரை வேக்காடுதான். குழம்பில் போடும்போது மொச்சையை நன்றாக வேகவிட வேண்டும்.

தேங்காயைத் துருவிக் கைப்பிடி அளவாகப் பிரித்து வையுங்கள். உடைத்த அன்றே துருவ வேண்டும். புளிக்கரைசல், இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றை ஐஸ் தட்டின் குழிகளில் ஊற்றி, உறைந்தபின் எடுத்து டப்பாவில் சேர்க்கலாம். தக்காளி விலை சரியும் நாட்களில், நல்ல பழங்களை வேகவைத்து மசித்து, வற்றக் காய்ச்சி வைத்துக்கொண்டால் விலை ஏறும்போது கைகொடுக்கும்.

சமைத்த உணவு

வேகவைத்த பருப்பு, கொண்டைக்கடலை, சுழியத்துக்கான பூரணம், இட்லி, அரை வேக்காட்டுச் சப்பாத்தி, கறிக்குழம்பு ஆகியவை பிரீசருக்கு ஏற்றவை. குழம்பில் உருளைக்கிழங்கும் தேங்காய்ப்பாலும் சேர்க்காமல் வைத்து, சுடவைக்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். உறைந்து உருகிய உருளைக்கிழங்கு மணல் மணலாகிவிடும், தேங்காய்ப்பால் திரிந்துவிடும்.

இரவு சமைத்ததை அடுப்படியிலேயே ஆறவிட்டு மறுநாள் காலையில் உள்ளே வைப்பதே பலர் செய்யும் தவறு. அதற்குள் நுண்ணுயிர்கள் பெருகிவிடும். சோற்றிலுள்ள ஒருவகை நுண்ணுயிர் உண்டாக்கும் நஞ்சு, மீண்டும் சுடவைத்தாலும் அழிவதில்லை. சமைத்த பாத்திரத்தைக் குளிர்ந்த நீர்த் தொட்டியில் வைத்துக் கிளறி ஆற்றி, சிறு டப்பாக்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும்.

எடுக்கும்போது, முதல் நாள் இரவே கீழ்த் தட்டுக்கு மாற்றி உருகவிடுங்கள். வெளியே மேடையில் வைத்து உருக்கக்கூடாது. குழம்பு வகைகளைத் தளதளவென்று கொதிக்கவிட்டுப் பரிமாறுங்கள். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்க வேண்டாம்.

மீனும் இறைச்சியும்

காணும் பொங்கலன்று அசைவம் சமைக்கும் குடும்பங்கள் பல. அன்று மீன், இறைச்சி விலை ஏறிவிடும். நான்கைந்து நாட்கள் முன்னதாக வாங்கி வைப்பது சிக்கனம். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வாங்குவோர், செவுள் சிவந்து, கண் தெளிந்து, சதை விரலுக்கு அழுந்தாமல் இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். வீடு திரும்ப நேரமாகும் என்றால் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் போட்டு எடுத்து வாருங்கள். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால், உடலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும் பொருள் அவற்றில் சேர்ந்துவிடும். சமைத்தாலும் அது போகாது.

குடல், செவுள் நீக்கிக் கழுவித் துண்டு போட்டு உறைய வையுங்கள். உறைந்த துண்டுகளை ஐஸ் நீரில் ஒருமுறை முக்கி எடுத்து மீண்டும் வைத்தால், மேலே மெல்லிய ஐஸ் படலம் மூடிச் சதை வறண்டு போகாமல் காக்கும். எண்ணெய்ச் சத்து மிகுந்த மத்தி விரைவில் காறல் அடிக்கும். முதலில் அதைச் செலவழியுங்கள். பச்சை இறைச்சியையும் மீனையும் எப்போதும் அடித்தட்டில் வைக்க வேண்டும். அவற்றின் நீர் மற்ற உணவுகள் மீது சொட்டக்கூடாது.

பிரீசரில் இடம் தர வேண்டாதவை

முறுக்கு, அதிரசம், பொரிவிளங்காய் உருண்டை ஆகியவற்றுக்குக் காற்றுப் புகாத டப்பாவே போதும். சேனை, கருணை, சிறுகிழங்கு, பரங்கி ஆகியவற்றை நிழலில் காற்றோட்டமாகப் பரப்பி வைக்கலாம். வெள்ளரி, பூசணி, தயிர், அவித்த முட்டை ஆகியவை உறைந்தால் தன்மை கெடும். கோடையில் போட்ட வடகம், வற்றல், ஊறுகாய், கருவாடு ஆகியவற்றுக்கு மின்சாரமே தேவையில்லை. பிரீசர் வந்துவிட்டது என்று இவற்றைக் கைவிட வேண்டாம். மின்சாரம் இல்லாத நாட்களில் இவையே சோற்றுக்குத் துணை.

புயலும் மின்தடையும்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பொங்கலுக்கு அப்போது இரண்டு வாரமே இருந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நகரில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. இத்தகைய நாட்களை மனத்தில் வைத்தே சேமிப்பைத் திட்டமிட வேண்டும்.

தனிக் கதவுள்ள நிறைந்த பிரீசர், கதவைத் திறக்காமல் இருந்தால் ஏறத்தாழ 48 மணி நேரம் குளிரைக் காக்கும். பாதி நிறைந்தது 24 மணி நேரம் தாங்கும். கீழ்த் தட்டுகள் 4 மணி நேரமே தாங்கும். ஒற்றைக் கதவுப் பெட்டியின் ஐஸ் அறைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதிலுள்ளதை முதலிலேயே சமைத்து உண்டுவிடுவது நல்லது. காலி இடங்களில் முக்கால் பாகம் நீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்களை வைத்து உறைய வையுங்கள். மின்சாரம் நின்றால் அவையே ஐஸாக உதவும்.

ஊருக்குப் போயிருக்கும்போது மின்தடை ஏற்பட்டதா என்று அறிய ஒரு வழி உண்டு. ஒரு டம்ளர் நீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் கிடந்தால், இடையில் எல்லாம் உருகி மீண்டும் உறைந்திருக்கிறது என்று பொருள். அந்த உணவைப் பயன்படுத்தக்கூடாது.

மின்சாரம் வந்தபின், ஐஸ் துகள்கள் இன்னும் ஒட்டியிருக்கும் பொருளைச் சமைத்து உண்ணலாம். முழுவதும் உருகிச் சூடேறிப் போனதை, வாடை இல்லாவிட்டாலும் குப்பைக் குழியில் போட்டு மண்ணால் மூடிவிடுங்கள். ருசி பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மாட்டுக்கும் போடக்கூடாது. மாட்டுப் பொங்கலன்று நல்ல சோற்றையும் பொங்கலையும்கூட அளவுக்கு மீறிக் கொடுத்தால் வயிற்றில் அமிலம் மிகுந்து மாடு படுத்துவிடும். உயிருக்கே ஆபத்தாகும். ஒரு கவளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எப்போது தொடங்குவது?

தீபாவளி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவதால், அதற்கு இரண்டு மூன்று நாள் தேவைக்கு மட்டும் சேமியுங்கள். மீனும் இறைச்சியும் அதிகம் வேண்டாம். கிறிஸ்துமசுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஜனவரியில் புயல் அபாயம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எனவே பொங்கலுக்குச் சற்றுக் கூடுதலாகவே சேமிக்கலாம்.

டிசம்பர் கடைசி வாரத்தில் பிரீசரைக் காலி செய்து, படிந்த ஐஸை உருக்கித் துடைத்து, நீர்ப் பாட்டில்களை வையுங்கள். ஜனவரி முதல் வாரத்தில் மொச்சை, துவரை, தேங்காய், புளிக்கரைசல் ஆகியவற்றைச் சேருங்கள். பண்டிகைக்கு 5 நாள் இருக்கும்போது பருப்பு, பூரணம், கறிக்குழம்பு ஆகியவற்றை நாளுக்கு ஒன்றாகச் செய்து வையுங்கள். மீன் கடைசியாக வரட்டும். வானிலை அறிக்கையில் புயல் எச்சரிக்கை வந்தால் அத்துடன் சேமிப்பை நிறுத்தி, இருப்பதைச் செலவழிக்கத் தொடங்குங்கள்.

முதல் ஆண்டே எல்லாவற்றையும் செய்ய முயல வேண்டாம். துருவிய தேங்காய், உரித்த மொச்சை, வேகவைத்த பருப்பு ஆகிய மூன்றை மட்டும் செய்து பாருங்கள். இதற்கான வேலையை வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் மாலை வேளையில் உட்கார்ந்து பகிர்ந்துகொள்ளலாம். அறுவடை இயந்திரம் பொங்கலுக்கு மறுநாளே வந்து நின்றாலும் வீட்டில் பதற்றம் இராது. உணவைப் பதப்படுத்துவது பற்றி மேலும் விளக்கம் வேண்டுவோர் குரும்பாபேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகிக் கேட்கலாம்.