தோற்றாலும் முதல் பக்கம்!

ஜப்பானில் 'டெய்லி ஸ்போர்ட்ஸ்' என்று ஒரு தினசரி. 1948-ல் கோபே நகரத்தில் ஆரம்பித்தது. உலகத்தில் எந்தப் பத்திரிகை ஆசிரியருக்கும் உள்ள ஒரு தலைவலி இவர்களுக்கு மட்டும் கிடையாது. 'நாளைக்கு முதல் பக்கத்தில் என்ன போடலாம்?' என்கிற தலைவலி. ஹான்ஷின் டைகர்ஸ் ஜெயித்தால் ஹான்ஷின் டைகர்ஸ். தோற்றால்... அப்பவும் ஹான்ஷின் டைகர்ஸ். மேட்சே இல்லாத டிசம்பர் மாசத்தில்? புதுசாக வந்த பையன் எப்படி ஓடுகிறான், எத்தனை பந்து போட்டுப் பழகினான் என்று கொட்டை எழுத்தில் வரும்.

நாட்டில் வேறு எதுவுமே நடக்கலையா? நடக்கும் சார். அதெல்லாம் அநேகமாக உள்பக்கத்தில்.

டைகர்ஸ் ஒரு பேஸ்பால் அணி. பேஸ்பால் தெரியாதவர்கள் அதைக் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அண்ணன் மாதிரி எப்போதாவது தலைகாட்டுகிற பழக்கம் தம்பிக்கு இல்லை. ஜப்பானில் 12 தொழில்முறை அணிகள், லீகுக்கு 6 வீதம் இரண்டு லீக். ஒரு சீஸனில் ஒவ்வொரு அணிக்கும் 143 மேட்ச். பெரும்பாலும் திங்கட்கிழமை மட்டும்தான் ஓய்வு. அதாவது, ஆபீஸ் போகிறவன் மாதிரியே டீமும் தினம் வேலைக்குப் போகிறது. கடைசியில் இரண்டு லீகிலிருந்தும் ஒவ்வொரு அணி 'ஜப்பான் சீரிஸ்' ஆடும். முதலில் 4 மேட்ச் ஜெயிப்பவன் ராஜா.

டைகர்ஸ் பிறந்தது 1935 டிசம்பரில். பெற்றவர் ஒரு ரயில்வே கம்பெனி! ஓசாகாவையும் கோபேயையும் இணைக்கிற ஹான்ஷின் மின்சார ரயில். (ஹான்ஷின் என்கிற பெயரே ஓசாகாவில் ஓர் எழுத்து, கோபேயில் ஓர் எழுத்து என்று எடுத்து ஒட்டியதுதான்.) ரயில் பாதை ஓரமாகவே 1924-ல் 'கோஷியன்' ஸ்டேடியத்தைக் கட்டிவிட்டார்கள். மேட்ச் பார்க்க ஜனங்கள் ரயிலேறித்தானே வரணும்? மனுஷன் கணக்காகத்தான் யோசித்திருக்கிறான். ஒரு வேடிக்கை என்னவென்றால், ஆகஸ்ட் மாசம் அந்த ஸ்டேடியத்தைப் பள்ளிக்கூடப் பையன்களின் போட்டிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, சொந்தக்காரப் புலிகள் பெட்டி படுக்கையோடு ஊர் ஊராகப் போக வேண்டும். அந்தப் பயணத்துக்கு ரசிகர்கள் வைத்த பெயர் 'சாவுப் பாதை'.

எதிரி யார்? டோக்கியோவின் 'ஜயன்ட்ஸ்'. அவர்களுக்கு முதலாளி யோமியுரி என்கிற மாபெரும் பத்திரிகை நிறுவனம். பணம், பெயர், டி.வி. எல்லாம் அந்தப் பக்கம். தலைநகரத்துக்காரன் அலட்டலைக் கண்டால் ஓசாகாக்காரனுக்கு எப்பவுமே பற்றிக்கொண்டு வரும். அந்த எரிச்சலுக்கெல்லாம் வடிகால் டைகர்ஸ்தான்.

ஆனால், வடிகால் அடிக்கடி அடைத்துக்கொண்டதுதான் கொடுமை!

1959 ஜூன் 25. சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோ டோக்கியோவில் மேட்ச் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கிறார். கடைசி இன்னிங்ஸ், ஸ்கோர் 4-4. டைகர்ஸின் இளம் பிட்சர் மினோரு முராயாமா போட்ட பந்தை ஜயன்ட்ஸின் நாகாஷிமா தூக்கி அடித்தார். ஹோம் ரன், ஆட்டம் முடிந்தது. "அது ஃபவுல்! எல்லைக்கு வெளியேதான் போச்சு!" என்று முராயாமா சொன்னார். அன்றைக்கு மட்டுமல்ல, 1998-ல் இறந்துபோகும்வரை அதையேதான் சொன்னார்.

1973 இன்னும் மோசம். பாக்கி இருந்தது இரண்டே மேட்ச். ஒன்றில் ஜெயித்தால் போதும், லீக் கோப்பை. முதலாவது போச்சு. அக்டோபர் 22, சொந்த ஊர் கோஷியனில் கடைசி மேட்ச், எதிரே அதே ஜயன்ட்ஸ். 9-0 என்று தோற்றார்கள். ஜயன்ட்ஸுக்கு அது தொடர்ந்து ஒன்பதாவது பட்டம். ரசிகர்கள் வேலி தாண்டி மைதானத்துக்குள் இறங்கி ரகளை செய்துவிட்டார்கள். (நியாயம் என்று சொல்ல மாட்டேன். புரிகிறது என்று வேண்டுமானால் சொல்வேன்.)

இப்படியே இருந்த டீமுக்கு 1985-ல் திடீரென்று சுக்கிர தசை. ஏப்ரல் 17, ஜயன்ட்ஸோடு மேட்ச், 3-1 என்று பின்தங்கியிருந்தார்கள். ஏழாவது இன்னிங்ஸில் தாடிக்கார அமெரிக்கர் ராண்டி பாஸ் அடித்தார் ஒரு ஹோம் ரன். அடுத்து காகெஃபு, ஹோம் ரன். அதற்கடுத்து ஒகாதா, ஹோம் ரன்! மூன்றும் மைதானத்தின் நடு எல்லைப் பக்கமே போய் விழுந்தன. இன்றைக்கும் ஓசாகாவில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் "அன்னிக்கு நான் அங்கேதான் இருந்தேன்" என்பார்களோ என்று தோன்றுகிறது. அத்தனை பேருக்கு ஸ்டேடியத்தில் இடமிருந்திருக்காது!

அந்த வருஷம் முழுக்கச் சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. ஆகஸ்ட் 12-ம் தேதி டோக்கியோவிலிருந்து ஓசாகா கிளம்பிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மலையில் மோதி 520 பேர் இறந்தார்கள். அதில் டைகர்ஸ் அணியின் தலைவர் நாகானோவும் ஒருவர். டீம் ஆடிப்போய்விட்டது. வரிசையாகத் தோல்வி. அதிலிருந்து எழுந்து வந்துதான் கோப்பையை வாங்கினார்கள்.

லீக் பட்டம் உறுதியான அக்டோபர் ராத்திரியில் ஓசாகாவின் தோதோன்போரி கால்வாய்ப் பாலத்தில் ஒரே கூட்டம். ஒவ்வொரு ஆட்டக்காரர் பெயராகக் கூப்பிட, அவர் ஜாடையில் இருக்கிற ரசிகர் கால்வாயில் தொபுக்கடீர்! பாஸ் முறை வந்தது. தாடி வைத்த அமெரிக்கனுக்கு எங்கே போவது? பக்கத்தில் கெண்டகி சிக்கன் கடை. வாசலில் வெள்ளைத் தாடியோடு கர்னல் சாண்டர்ஸ் பொம்மை கைநீட்டி நிற்கிறது. தூக்கிப் போட்டார்கள் தண்ணியில்!

அதோடு ஜப்பான் சீரிஸையும் ஜெயித்துவிட்டு டைகர்ஸ் படுத்துக்கொண்டது. 1987 முதல் 2001 வரை 15 வருஷத்தில் 10 தடவை கடைசி இடம். 6 டீமில் ஆறாவது. "கர்னல் சாபம்" என்று ஊரே பேசியது. சாபமாவது, மண்ணாவது! பாஸ், மகன் உடம்பு சரியில்லை என்று 1988-ல் அமெரிக்கா போனார். அணி அவரைக் கழற்றிவிட்டது. காகெஃபு அதே வருஷம் ஓய்வு. தோற்கிற டீமுக்கு இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்? ஆனால், தினம் ஒரு தோல்விச் செய்தி படிக்கிறவனுக்கு, மேனேஜ்மென்டைத் திட்டுவதைவிட ஒரு கோழிக்கடைக் கிழவரைத் திட்டுவது சுகமாக இருந்திருக்கும்.

கர்னல் 2009 மார்ச்சில் கால்வாய்ச் சேற்றிலிருந்து வெளியே வந்தார். கண்ணாடியும் இடது கையும் இல்லை. 24 வருஷம் ஊறிய அந்த உடம்பைக் கம்பெனிக்காரர்கள் வைத்துப் பார்த்துவிட்டு, 2024-ல் உப்பும் சாக்கேயும் வைத்துச் சடங்கு செய்து மரியாதையாக வழியனுப்பினார்கள்.

நடுவில் 2003-ல் லீக் பட்டம் வந்தது. 5,000 பேருக்கு மேல் கால்வாயில் குதித்தார்கள். ஒருவர் மூழ்கி இறந்துபோனார். 2005-ல் மறுபடி லீக் பட்டம். ஆனால் ஜப்பான் சீரிஸில் நாலு மேட்சும் தோல்வி. நாலு மேட்சின் ரன்களைக் கூட்டினால் 33-4. இன்றுவரை '33-4' என்று சொன்னாலே ஓசாகாக்காரன் முகம் சுருங்கும்.

இத்தனைக்குப் பிறகும் ரசிகனின் தினசரி வாழ்க்கையில் மாற்றம் கிடையாது. அமகாசாகி என்கிற ஊரின் கடைத்தெருவில், சாம்பியனாக இன்னும் எத்தனை வெற்றி வேண்டும் என்கிற கணக்குப் பலகையை மார்ச் மாசமே, ஒரு மேட்ச்கூட ஆடாதபோதே ஏற்றிவிடுவார்கள். பலகையில் 143! அந்த ஊர் பேங்க் ஒன்றில் டைகர்ஸ் பெயரிலேயே டெபாசிட். டீம் நன்றாக ஆடினால் வட்டி கூடும். இதற்குப் பெயர் நம்பிக்கையா, வைத்தியம் பார்க்க வேண்டிய வியாதியா... நீங்களே சொல்லுங்கள்.

1985-ல் மூன்றாவது ஹோம் ரன் அடித்த அதே ஒகாதாதான் 2023-ல் 65 வயதில் மேனேஜர். (2005-ல் அந்த 33-4 வாங்கியபோதும் இவரேதான்!) மனுஷர் 'சாம்பியன்' என்கிற வார்த்தையை வாயால் சொல்ல மாட்டார். 'அரே' என்பார். ஜப்பானிய மொழியில் 'அது' என்று அர்த்தம். ராத்திரியில் பாம்பைப் 'பூச்சி' என்று சொல்கிற மாதிரி! ஊரே "இந்த வருஷம் 'அது' வருமா?" என்று பேச ஆரம்பித்தது. வந்தது. செப்டம்பரில் லீக் பட்டம், நவம்பர் 5-ல் ஜப்பான் சீரிஸ். 38 வருஷம் கழித்து! அந்த வருஷத்தின் பிரபல வார்த்தையாக 'அரே'வையே தேர்ந்தெடுத்தார்கள். ராண்டி பாஸுக்கு ஜப்பான் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்ததும் அதே வருஷம்தான்.

2025-ல் செப்டம்பர் 7-ம் தேதியே லீக் பட்டம் வாங்கிவிட்டு, ஜப்பான் சீரிஸில் சாஃப்ட்பேங்க் ஹாக்ஸிடம் 4-1 என்று தோற்றார்கள். அது பழகிய விஷயம். 2023 செப்டம்பர் 14 ராத்திரியைத்தான் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஷின்தாரோ யொகோதா என்று ஒரு பையன். 2013-ல் டைகர்ஸ் தேர்ந்தெடுத்த ஆட்டக்காரன். 2017-ல் மூளையில் கட்டி. ஆபரேஷனுக்குப் பிறகு பந்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. இரண்டு வருஷம் போராடிப் பார்த்துவிட்டு, 2019 செப்டம்பரில் இரண்டாம் நிலை அணிக்கான மேட்சில் விடைபெற இறங்கினான். எல்லைப் பக்கம் வந்த பந்தை எடுத்து நேராகக் கேட்சர் கைக்கு வீசினான். ஓடி வந்தவன் அவுட்! எந்தப் பந்தைப் பார்த்து எடுத்தான் என்பது அவனுக்கே தெரியாது. 2023 ஜூலை 18-ல் யொகோதா இறந்துபோனான். வயது 28.

இரண்டு மாசம் கழித்து, கோஷியனில் ஜயன்ட்ஸோடு மேட்ச். ஜெயித்தால் 'அது'. கடைசி இன்னிங்ஸுக்கு யொகோதாவோடு ஒரே வருஷம் டீமில் சேர்ந்த பிட்சர் இவாசாகி வருகிறார். வழக்கமாக அவர் வரும்போது ஒலிக்கிற பாட்டு வேறு. அன்று ஒலித்தது யொகோதாவின் பாட்டு. ஸ்டேடியமே சேர்ந்து பாடியது. ஸ்கோர் 4-3, டைகர்ஸ் சாம்பியன்.

முதலில் ஒகாதாவைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். அடுத்து இவாசாகியை. மேலே போகும்போது அவர் கையில் ஒரு சட்டை இருந்தது. முதுகில் 24. யொகோதாவின் நம்பர்.