உறைமோராய்ப் பரவும் புற்றுநோய்

பால் திரிந்தால் கேடு அந்தப் பாத்திரத்தோடு முடிந்துபோகும். தயிர் அப்படியில்லை. பக்கத்து வீட்டில் வாங்கிய ஒரு கரண்டி உறைமோர் நம் பாலில் பெருகி, நாளைக்கு நம் வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்குப் போகும். பால் வீட்டுக்கு வீடு வேறு; உறைமோரின் வம்சம் ஒன்றுதான்.

நமக்கு வரும் புற்றுநோய் திரிந்த பாலைப் போன்றது. சொந்த செல் ஒன்று கெட்டு, அடங்காமல் பெருகும், நோயாளியோடு முடியும். ஆனால் புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம் போன்ற இடங்களில் அலையும் தெருநாய்களுக்கு வரும் பால்வினைக் கட்டி, உறைமோர் வகை. நாய்கள் இணையும்போதும், ஒன்றையொன்று நக்கும்போதும், கட்டியின் உயிருள்ள செல்களே அடுத்த நாயில் ஒட்டி வளர்கின்றன. இடையில் வைரஸ் எதுவும் இல்லை. மனிதருக்கு இது பரவுவதில்லை.

2006இல் லண்டனில் ராபின் வைஸ் குழு இந்தியா, கென்யா, இத்தாலி நாய்களின் கட்டிகளை ஆராய்ந்தது. கட்டியின் மரபணு, அதைச் சுமந்த நாயோடு பொருந்தவில்லை. தூர தேசத்து நாயின் கட்டியோடு பொருந்தியது! 2019இல் கேம்பிரிட்ஜின் எலிசபெத் மர்ச்சிசன் குழு 546 கட்டிகளைப் படித்து வம்சாவளி வரைந்தது. ஆசியாவில், 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏதோ ஒரு நாயிடம் எல்லாம் தொடங்கியிருக்கிறது. அந்த நாய் எப்போதோ செத்துவிட்டது. அதன் செல்கள் இன்னும் சாகவில்லை.

கொதிக்கிற பாலில் உறைமோர் ஊற்றினால் உறையுமா? வெதுவெதுப்பாக ஆற வேண்டும். உடலின் நோயெதிர்ப்புதான் அந்தக் கொதிப்பு. அந்நியச் செல் வந்தால் அழிப்பது அதன் வேலை. மாற்றுச் சிறுநீரகத்தை நம் உடல் எதிர்ப்பதும் இதனால்தான். இந்தக் கட்டியோ தன்மேல் இருக்க வேண்டிய அடையாளப் புரதங்களை ஒளித்துக்கொள்கிறது. எதிர்ப்பை ஆற்றும் பொருளையும் சுரக்கிறது. மனிதக் கட்டிகள் பலவும் இதையே செய்கின்றன. கால்நடை மருத்துவரும் மனிதப் புற்றுநோய் ஆய்வாளரும் ஒரே ஸ்லைடைப் பார்க்க வேண்டிய காரணம் இங்கேதான் இருக்கிறது.

மருந்தும் ஒன்றுதான். நம் ஊர்த் தோட்டங்களிலும் சுடுகாட்டு ஓரங்களிலும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின். கோரிமேடு ஜிப்மர் போன்ற மருத்துவமனைகளில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஏறும் அதே மருந்து, நாய்க்கும் வாரம் ஒருமுறை ரத்தக்குழாயில் ஏறுகிறது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழாய்களை அது கட்டவிடாது. ஆனால் கட்டி கரைவதற்கு அது மட்டும் காரணமல்ல. சிகிச்சை தொடங்கியதும் கட்டிக்குள் அழற்சி கிளம்பி, எதிர்ப்புச் செல்கள் படையெடுக்கின்றன. ஆறிய பால் மறுபடி கொதிக்கிறது. எதிர்ப்பை எழுப்பிய முதல் பொறி எது என்று தெரிந்தால், மனித சிகிச்சைக்கும் அது வழிகாட்டும். எனக்கு இந்த ஆராய்ச்சியில் பெரிய நம்பிக்கை உண்டு.

தெருவில் சோறு வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டை நாயிடம் சொட்டுச் சொட்டாக ரத்தம் கண்டால், பருவ உதிரம் என்று விட்டுவிடாதீர்கள், இந்தக் கட்டியாகவும் இருக்கலாம். குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்தில்தான் இருக்கிறது. கட்டிமேல் கண்ணாடித் தகட்டை ஒற்றிச் சாயமேற்றினால், உருண்டைச் செல்களும் அவற்றுக்குள் வரிசையாக நிற்கும் தெளிந்த குமிழிகளும் நோயைச் சொல்லிவிடும். வின்கிரிஸ்டின் தொடங்கி, இரண்டு ஊசியில் கட்டி சுருங்கியதும் சிலர் நிறுத்திவிடுகிறார்கள், அது கூடாது. கட்டி முற்றிலும் மறையும்வரை, பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு வாரம், போட்டாக வேண்டும்.